ஏழு மரம்தான் பொந்து

“ஏழு. நான் சொன்னது ஏழு. ஒவ்வொண்ணாக் கொட்டி, காத வச்சுக் கேட்டு—”

“நாப்பத்தொண்ணுக்கும் அடியில ஒப்பு போட்டது யாரு? நானா? உங்க கையிதான—”

“ஒப்புக்கு மேல நீ என்ன எழுதி வச்சிருந்தேன்னு நான் கண்டனா? மலையாளத்துல நாலு தாளு. நீட்டுன, போட்டேன்.”

“வாசிச்சிருந்தாலும் போட்டிருப்பீக. வீடு எனக்கு மட்டுமா?”

“ஏட்டி, கத்தாத. கீழ மைனிக்குக் கேக்கும்.”

“கத்துறது நீங்க.”

இருவரும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். சுவக்கீன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் மரம் ஏறிய விரல்கள் சின்னப் பொத்தானுக்கு வளைவதில்லை. பிலோமி எழுந்து வந்து போட்டுவிட்டாள். அதனால் சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

“இன்னிக்கு ஹியரிங்ல சொல்லிருவமா?” என்றாள், பொத்தானைப் பார்த்தபடியே.

“என்னன்னு?”

“நடந்தத.”

“சொல்லி? ஆறு வீட்டையும் இடிக்கச் சொன்னா, நீ திரும்பப் போய் எஸ்டேட் லயத்து ஒத்த ரூமுல படுத்துக்கிடுவியா? பக்கத்து வீட்டுக் காளிச்சாமி இப்பத்தான் பேத்திக்குத் தொட்டில் கட்டியிருக்கான். அவன்கிட்டப் போயி மொதல்ல சொல்லு. பெறவு ஹியரிங்ல சொல்லலாம்.”

“அப்ப ஏழு ஏழுன்னு எங்கிட்ட எதுக்குக் கத்துறீக?”

“எங்காது தப்புன்னு ஆயிரக் கூடாதுல்ல.”

மலையாளத்து மலையூரான சக்குபள்ளத்தில் ஏலக்காடு என்றால் மேலே மரம், கீழே ஏலச்செடி. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தபோதே, மரம் அரசாங்கத்துடையது, நிழல் குறையக் கூடாது என்று எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். மழைக்கு முன்னால் கொம்பு கழித்து வெளிச்சம் விடலாம். அதற்குக் கவாத்து என்று பெயர், சுவக்கீனின் வேலை அதுதான். மரத்தையே வெட்ட வேண்டுமானால் ஒரே ஒரு வழி இருந்தது. இந்த மரம் ஆள்மேல் விழும் என்று வார்டு கமிட்டி பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், எஸ்டேட்டில் ஆறு குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொள்ள மேட்டில் ஒரு துண்டு நிலம் விட்டுக் கொடுத்தார்கள். நிலம் கிடைத்தது, அதன்மேல் மரம் நின்றது. கமிட்டியில் மலையாளம் எழுதத் தெரிந்தவள் பிலோமி. மரத்தைத் தெரிந்தவர் சுவக்கீன். வெட்டுக்கத்தியின் பின்பக்கத்தால் மரத்தைக் கொட்டுவார், காதை வைப்பார், உள்ளே கெட்டியாக இருந்தால் “வைரம்” என்பார். கூடாக இருந்தால் “பொந்து” என்பார். அன்று நாற்பத்தொரு மரத்தைக் கொட்டினார். ஏழு தடவை பொந்து என்றார். அவருக்குப் பின்னால் நின்று எழுதிய பிலோமி, நாற்பத்தொரு கட்டத்திலும் பொந்து என்றே எழுதினாள்.

யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. எஸ்டேட் மானேஜர் மிரட்டியிருந்தாலோ, வார்டு மெம்பர் சிஜு கண்ணைக் காட்டியிருந்தாலோ இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இருந்திருக்கும்.

மரம் அறுக்கப் போனபோதுதான் சுவக்கீனுக்கே தெரிந்தது. அறுவைக்கு விழுந்த முப்பத்துநாலு மரத்தின் நெஞ்சும் சிவக்கச் சிவக்க வைரமாக இருந்தது. சாயங்காலம் வந்து, “நீ எழுதுனது பெரிய பாவம்டி” என்றார். மறுநாளும் அறுக்கப் போனார்.

“பிலோமீ! கெளம்பிட்டீகளா?”

கீழேயிருந்து படியேறி வந்தது செபமாலையம்மாள். அறுபத்தெட்டு வயது. மேட்டுக்குக் கீழே மேற்குப் பக்கம், இறந்துபோன புருசன் பேரில் அரை ஏக்கர் ஏலம். கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் காகிதம்.

“வாங்க மைனி. காப்பி குடிக்கீகளா?”

“குடிச்சா வழியில ஒதுங்கணும்பேன். வேண்டாம்.” சுவக்கீனை மேலும் கீழும் பார்த்தாள். “என்ன தம்பி, பொண்ணு பாக்கப் போறாப்ல இருக்கீக? பிலோமிக்குச் சம்மதமா?”

“அவ சம்மதிச்சாலும் பொண்ணு சம்மதிக்கணும்ல மைனி.”

மூவரும் சிரித்தார்கள். பிலோமி முதலில் நிறுத்தினாள். செபமாலை கவரை அவளிடம் நீட்டினாள்.

“நோட்டீச இன்னொருக்கா வாசி தாயி. ஹியரிங்ல ஏதாவது கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல.”

போன மாதம் வந்த நோட்டீஸ் அது. நேற்றைக்கும் வாசித்துக் காட்டியாயிற்று. பிலோமி மறுபடி வாசித்தாள். “உங்க குத்தகை நிலத்துல, இருக்க வேண்டிய நிழல் மரம் இல்ல. அதனால குத்தகைய ஏன் ரத்து செய்யக் கூடாதுன்னு பதில் எழுதிக் கொடுக்கணும்.”

“எத்தன நாளு இருக்கு?”

“இன்னும் நாலு நாளு.”

“அம்புட்டுத்தான எழுதியிருக்கு?”

“அம்புட்டுத்தான் மைனி.”

அவ்வளவுதான் இல்லை. நடுவில் இன்னொரு வரி இருந்தது. ‘தங்களது வேண்டுகோளின்படி வெட்டப்பட்ட இருபத்தொரு மரங்கள்’ என்று. வெட்டிய நாற்பத்தொன்றில் இருபது மேட்டில் நின்றவை. பாக்கி இருபத்தொன்று செபமாலையின் நிலத்து மேல் ஓரத்தில் நின்றவை. நிலத்துக்காரர் வேண்டுகோள் இல்லாமல் அந்த மரங்களைப் பட்டியலில் சேர்க்க முடியாது. அந்த வேண்டுகோளையும் பிலோமிதான் எழுதினாள். “மரம் பொந்தாம் மைனி, வெட்டப் போறாக, இதுல ஒரு ஒப்பு போடுங்க” என்றாள். “சுவக்கீன் கொட்டிச் சொன்னா டாக்டர் சொன்னாப்லதான்” என்று அவளும் போட்டாள்.

ஹியரிங் நடக்கும் ஹாலுக்கு இறங்க, செபமாலையின் நிலத்து வழியாகத்தான் பாதை. மரம் போன பிறகு வந்த இருபத்துநாலாம் வருடக் கோடையில் சுற்றுவட்டாரம் முழுக்க ஏலம் கருகியது. ஆனால் முதலில் கருகியது இங்கேதான். மழை வந்ததும் மற்ற தோட்டங்களில் பாதியாவது தளிர்த்தது. இங்கே மேல் பாதி முழுக்கத் தட்டைகள் சாய்ந்து, மக்கிய ஓலை மாதிரிக் கிடந்தன. பிலோமி தினமும் இந்த இடத்தில் வேகமாக நடப்பாள். இன்று செபமாலையின் நடைக்குத் தகுந்தாற்போல் நடக்க வேண்டியிருந்தது.

“கடவுள் குடுத்த வெயிலு,” என்றாள் செபமாலை. “யாரச் சொல்ல? ஊருக்கே காஞ்சிச்சு. ஆனா பொந்து விழுந்த மரத்த வெட்டுனதுக்கு எனக்கு நோட்டீசு விடுறாம் பாரு, அந்தச் சட்டத்தத்தான் மாத்தணும். மனுவ நல்லா உறைக்கிற மாதிரி எழுதியிருக்கியா?”

“எழுதியிருக்கேன் மைனி.”

சுவக்கீன் இருமினார். தொண்டையில் ஒன்றும் இல்லை.

மாதா கோயில் ஹாலில் நல்ல கூட்டம். காட்டுச் சட்டங்களைத் திருத்துவது பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்டு எழுதிக்கொண்டு போக ஒரு குழு வந்திருந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம். தலைவியாக உட்கார்ந்திருந்த பத்மப்ரியா பாலக்காட்டுக்காரர், கல்பாத்தி அக்ரகாரத்துத் தமிழ் வீட்டில் பிறந்தவர். தமிழர்கள் தமிழிலேயே பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பேசிக்கொண்டிருந்தவர் ஏலத் தோட்டம் வைத்திருப்பவர். “ஒரு கொம்பு ஒடிஞ்சு ரோட்ல கெடந்தா, அத நகத்த மூணு ஆபீசுங்க மேடம். கொம்புக்குள்ள மூணு கூடு, அதுல முட்டை பொரிச்சுப் பறந்தே போயிருது. அனுமதி வரல.” கூட்டம் சிரித்தது. அடுத்து எழுந்த பெண், “மரத்த வெட்ட விட்டா ஏலமும் போகும், தண்ணியும் போகும், பெறவு எங்களுக்கு என்ன வேல?” என்றாள். அதற்கும் அதே கூட்டம் கை தட்டியது.

மெம்பர் சிஜு இவர்களிடம் ஓடி வந்தான். “சேச்சி, அடுத்தது நம்ம கேஸ். நல்ல ஸ்ட்ராங் கேஸாணு. சட்டப்படி வெட்டின மரத்துக்கு ஒரு விதவைக்கு நோட்டீஸ்! இது டெல்லி வரைக்கும் போகும். நிறுத்தி வாசிக்கணும், கேட்டோ?”

செபமாலை பேரில் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு பிலோமி எழுந்தாள். பக்கத்தில் செபமாலை கைகட்டி நின்றாள். வாசிக்க வாசிக்கக் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

“...மேற்படி நாற்பத்தொரு மரங்களும் உள்ளே பொந்து விழுந்து ஆட்களுக்கு ஆபத்தாக இருந்தபடியால் கமிட்டி முறைப்படி பரிசோதித்து வெட்டியது. என்மேல் குற்றம் ஏதும் இல்லை. ஏழை ஜனங்களை வதைக்கும் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தர வேண்டும்.”

கை தட்டல். பத்மப்ரியா பக்கத்திலிருந்த எழுத்தரிடம் குனிந்து, “இதை ரிப்போர்ட்ல தனியாச் சேர்த்துக்கோங்கோ. நல்ல உதாரணம்” என்றார். பிலோமி காதில் அது விழுந்தது. தன்னுடைய பொய் தன் வீட்டுச் சுவரோடு நிற்காமல் ஒரு நாட்டுச் சட்டத்துக்குள் ஏறிப் போகப் போகிறது என்று புரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். “நன்றிங்க மேடம்” என்றுதான் வந்தது.

“ஒரு நிமிஷம்,” என்றார் பத்மப்ரியா. “பொந்துன்னு யார் பார்த்துச் சொன்னா?”

“இதோ நம்ம சுவக்கீன் தம்பி!” செபமாலை பெருமையாகக் கையைக் காட்டினாள். “இவுக கொட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

சுவக்கீன் எழுந்து நின்றார். மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் அதிகாரி சிரித்தார். “கொட்டிப் பாத்தாலா? அது வெறும் ஊகம்தானே சேட்டா?”

“ஊகம் இல்ல சார்.”

“சரி, இந்த ஹால்ல ரெண்டு மரத்தூண் இருக்கு. கொட்டிச் சொல்லுங்க.”

கூட்டம் குதூகலமானது. சுவக்கீன் போனார். முதல் தூணை விரல் முட்டியால் கொட்டிக் காதை வைத்தார். “வைரம்.” இரண்டாவதை மூன்று இடத்தில் கொட்டினார். “இதுல இடுப்பு ஒசரத்துக்குக் கீழ கரையான். அடுத்த மழைக்குள்ள மாத்துங்க.”

பின்வரிசையிலிருந்து கோயில் கணக்கப்பிள்ளை கத்தினார். “சரிதான்! போன மாசம் ஆசாரியும் அதத்தான் சொன்னாரு!”

விசில் பறந்தது. பத்மப்ரியாவும் சிரித்துவிட்டார். அந்த இளம் அதிகாரிக்கு மட்டும் முகம் சிவந்தது. “தூண் சரி. ஆனா நாப்பத்தொரு மரத்துல நாப்பத்தொண்ணும் பொந்துன்னா, அப்படி ஒரு காட்ட நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல. அன்னிக்கு உங்க காதுல பஞ்சு இருந்திச்சோ என்னமோ.”

பிலோமி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சுவக்கீன் அவளைப் பார்க்கவில்லை.

“எங்காது ஏழுன்னுதான் சொல்லிச்சு!”

விசில் நின்றது. எழுத்தரின் பேனாவும் நின்றது. சுவக்கீன் அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர் மாதிரி, தூணைப் பிடித்துக்கொண்டார்.

“ஏழா?” என்றார் பத்மப்ரியா. “பட்டியல்ல நாப்பத்தொண்ணுன்னா இருக்கு?”

“அது...”

“நான் எழுதுனது,” என்றாள் பிலோமி. “அவுக சரியாத்தான் சொன்னாக. நான்தான் எல்லாத்துலயும் பொந்துன்னு எழுதுனேன். நம்ம மைனிக்கு எதுவும் தெரியாது.”

“சேச்சி!” சிஜு பாய்ந்து வந்தான். “சேச்சிக்குச் சுகமில்ல மேடம், இது பெறகு...”

“அவாளைப் பேச விடுங்கோ.” பத்மப்ரியா குரலை உயர்த்தவில்லை. “ஏன் அப்படி எழுதினேள்?”

“வீடு கட்ட எடம் வேணும். ஆறு குடும்பம். லயத்துல ஒரே ரூமு, ஏழு பேரு. வீட்டுக்காக மரம் வெட்டணும்னு கேக்க உங்க பேப்பர்ல கட்டம் இல்ல மேடம். ஆபத்துன்னு ஒரே ஒரு கட்டந்தான் இருந்திச்சு. நெசத்த எழுத எடமே இல்ல.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ, “உள்ளதத்தான சொல்லுது அந்தப் பொம்பள” என்றார்கள். ஒரு கணம் பிலோமிக்கு மூச்சு இலேசானது. சொல்லி முடிப்பது இவ்வளவுதானா? பழியைச் சட்டத்தின் பேரில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாமா?

பத்மப்ரியா காகிதத்தைத் திருப்பினார். “வீட்டு நிலத்துல நின்னது எத்தனை?”

“இருபது. அதுல அஞ்சு பொந்து.”

“அப்போ வீட்டுக்காக விழுந்தது பதினஞ்சு. அது புரியறது. இந்த அம்மாவோட நிலத்துல இருபத்தொண்ணு. அதுல ரெண்டுதான் பொந்து. அங்கே வீடு கட்டலையே. அந்தப் பத்தொன்பது என்னத்துக்கு?”

பிலோமி கையிலிருந்த மனுவை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக.

“சொல்லுங்கோ.”

“வெயிலுக்கு.”

“எதுக்கு?”

“வெயிலுக்கு மேடம். மைனி மரந்தான் எங்க மேட்டுக்கு மேக்க நின்னிச்சு. ரெண்டு மணிக்கெல்லாம் நெழலு வந்திரும். லயத்துல ஆறு மாசம் துணியே காயாது. அடுப்புக்கு மேல கட்டிக் காயப் போடுவோம், கோயிலுக்கு வந்தாலும் பொகை நாறும். எம் மக நிமிக்கு ஈரத்துல நெஞ்சு கட்டும். புது வீட்லயாச்சும் சாயங்காலம் வரைக்கும் வெயிலு விழட்டும்னு நெனச்சேன். நாப்பத்தொரு கட்டம் இருந்திச்சு. வீட்டு எடத்துக்கு இருபது, மைனி நெலத்துப் பொந்து ரெண்டு, இருபத்திரண்டுல நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.”

சிலர் திரும்பி செபமாலையைப் பார்த்தார்கள். அந்த வெயில் எங்கே போய் விழுந்தது என்று அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பத்மப்ரியா எழுத்தரைப் பார்த்தார். “கட்டம் இல்லைன்னு சொன்னாளே, அதை எழுதிக்கோங்கோ. வெயிலுக்குன்னு சொன்னதையும் எழுதிக்கோங்கோ. ரெண்டும் இருக்கட்டும்.” பிறகு செபமாலையிடம், “அம்மா, உங்க நோட்டீஸுக்குப் பதில்ல நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கோ. நாலு நாளைக்குள்ள கொடுக்கணும். அது ஒண்ணுதான் உங்களைக் காப்பாத்தும்” என்றார்.

செபமாலை தலையசைத்தாள். என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று முகத்தில் தெரியவில்லை.

வெளியே வந்தபோது காளிச்சாமியின் மனைவி பிலோமியைக் கண்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் நடந்தாள். சிஜு போனில் யாரிடமோ, “ஆறு வீடும் சிக்கல்லாயி” என்று சொல்லிக்கொண்டிருந்தான். சுவக்கீன் கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். கழுத்துப் பொத்தானை இழுத்து அறுத்துவிட்டிருந்தார்.

செபமாலை ஹால் படியில் உட்கார்ந்திருந்தாள். பிலோமி பக்கத்தில் போனாள். உட்காரவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

“மைனி.”

“ம்.”

“ரெண்டு அடி அடிச்சிருங்க மைனி.”

“அடிச்சா ஏலம் தளுத்திருமா?”

“இல்ல.”

“அப்ப எதுக்குக் கைய நோவிச்சுக்கிட்டு.” முழங்காலைத் தடவிக்கொண்டாள். “நெசமாலுமே வெயிலுக்கா?”

“ஆமா மைனி.”

“எங்கொல்லையில நின்னுக்கிட்டு ஒருநாளு எங்கிட்டயே சொன்னியே. வீட்ல நல்ல வெயிலு மைனி, மொளகா ரெண்டு நாள்ல காயுதுன்னு. நானும் சந்தோசந்தான் பட்டேன்.”

செபமாலை கவரைத் திறந்து நோட்டீஸை எடுத்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். பிறகு முத்திரையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டாள்.

“இதுல நீ வாசிக்காம விட்டது ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கு.”

“என்ன?”

“நீங்க வேண்டிக் கேட்டுத்தான் வெட்டுனதா ஒரு வரி.”

“நானா கேட்டேன்?”

“அன்னிக்கு ஒப்பு வாங்குனேனே மைனி, அந்தப் பேப்பர்ல அப்பிடித்தான் எழுதியிருந்தேன்.”

“நேத்து வாசிச்சப்பவும் விட்ட.”

“விட்டேன்.”

“இன்னிக்குக் காலையிலயும்.”

“ஆமா.”

செபமாலை தெருவைப் பார்த்தாள். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ் ஆள், அந்த மேட்டில் பிலோமி ஒருத்திதான். மலையாளம் படித்த பெரிய பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போய்த் திருப்பூரிலும் எர்ணாகுளத்திலும். நோட்டீஸுக்கு நாலு நாள்.

“பேனா வச்சிருக்கியா?”

“இருக்கு மைனி.”

“உக்காரு. நான் சொல்லச் சொல்ல மலையாளத்துல எழுது. என்னைய நல்லவளாவும் எழுத வேண்டாம், உன்னையக் கெட்டவளாவும் எழுத வேண்டாம். நடந்தது மட்டும்.”

பிலோமி படியில் உட்கார்ந்தாள். மடித்த மனுவை விரித்து, அதன் பின்பக்கத்தை முழங்காலில் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தினாள். செபமாலை சொன்னாள், அவள் எழுதினாள். செபமாலை நிறுத்தும்போது அவளும் நிறுத்தினாள். எட்டு வரி வந்தது.

“முடிஞ்சிச்சு மைனி.”

“வாசி.”

வாசித்தாள். ஒரு சொல் விடாமல், ஒரு சொல் கூட்டாமல், மெதுவாக. வாசித்து முடித்துப் பேனாவை நீட்டினாள், ஒப்பு போட.

செபமாலை பேனாவை வாங்கினாள். காகிதத்தின் மேல் வைத்தாள். வைத்த இடத்திலேயே நிறுத்தினாள்.

“நீ வாசிச்சதுதான் இதுல எழுதியிருக்குன்னு நான் எப்பிடி பிலோமி தெரிஞ்சுக்கிட?”